பிலாத்துவின் முற்றத்தில் நிகழ்ந்த இரண்டு தவறுகள்

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் வன்னியின் ஆலயங்களிலே சிலுவைப்பாதை நடைபெறுகின்றது. கிளிநொச்சியிலும், முல்லைத்தீவிலும், வவுனியாவிலும் இறைமக்கள் முதலாம் தலத்தின் முன் முழந்தாளிடுகின்றனர். அங்கே சித்திரிக்கப்பட்டிருப்பது ஒரு நீதிமன்றக் காட்சி. ஆளுநர் ஒருவர் ஆசனத்தில் அமர்ந்திருக்கின்றார். கைகள் கட்டப்பட்ட மனிதர் ஒருவர் அவர் முன்னே நிற்கின்றார். பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவரப்படுகின்றது. மரணத் தீர்ப்பு வழங்கப்படுகின்றது.

நாம் ஆண்டவரென அறிக்கையிடுபவர் நோயினாலோ விபத்தினாலோ இறந்தவரல்லர். அதிகாரம் பெற்ற ஒரு மன்றத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அரச ஆணையின்படி கொல்லப்பட்டவர். ஆயினும் அந்த முற்றத்தில் அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு ஒன்றல்ல, இரண்டு. குற்றமற்றவர் ஒருவர் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டார். கலகத்தில் கொலை செய்தமைக்காகச் சிறையிலிருந்த பரபா, மக்கள் கூட்டத்தைத் திருப்திப்படுத்தும் பொருட்டு மன்னிக்கப்பட்டு வெளியே அனுப்பப்பட்டான். தூக்குமரமும் பொதுமன்னிப்பும் ஒரே நாளில், ஒரே கையால் வழங்கப்பட்டன. அந்தக் கை பின்னர் கழுவப்பட்டது.

மரண தண்டனை பற்றி நம் மக்களிடையே பேச்சு எழும்போதெல்லாம் இந்த இரண்டு தவறுகளையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கின்றது. ஏனெனில் நாம் இரண்டையும் கண்டவர்கள்.

உறங்கும் கயிறு

இலங்கையில் இறுதியாகத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது 1976ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் திகதியாகும். அதன்பின் பதவிக்கு வந்த எந்தச் சனாதிபதியின் காலத்திலும் அலுகோசுக்கு வேலை இருந்ததில்லை. எனினும் சட்டப் புத்தகத்திலிருந்து அத்தண்டனை நீக்கப்படவில்லை. மேல் நீதிமன்றங்கள் அதனைத் தொடர்ந்து விதித்து வருகின்றன. மன்றின் மின்விளக்குகள் அணைக்கப்பட, அனைவரும் எழுந்து நிற்க, தீர்ப்பு எழுதிய பேனா முறிக்கப்பட்டதெனச் செய்தித்தாள்களில் நாம் வாசிக்கின்றோம். அவ்வாறு தீர்ப்பிடப்பட்டோர் கொல்லப்படாமலும் விடுவிக்கப்படாமலும் சிறைக்கூடங்களில் ஆண்டுகளைக் கழிக்கின்றனர்.

இந்தக் கயிற்றின் வரலாறு வியப்புக்குரியது. 1956ஆம் ஆண்டு பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா மரண தண்டனையை இடைநிறுத்தினார். 1959 செப்டெம்பரில் அவரே துப்பாக்கிக்குப் பலியானார். சினங்கொண்ட நாடு, அவர் நிறுத்திவைத்த தண்டனையை அவரின் பெயராலேயே மீளக் கொண்டுவந்தது. 1962 ஜூலையில் அவரைச் சுட்டவர் தூக்கிலிடப்பட்டார். உயிர்களைக் காக்க விரும்பிய ஒருவருக்கு, அவர் விரும்பாத ஒன்றையே நாம் காணிக்கையாக்கினோம்.

அதே சினம் பின்னரும் எழுந்தது. 2004 நவம்பரில் கொழும்பு மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய சுட்டுக் கொல்லப்பட்டபோது மரண தண்டனையை மீண்டும் நிறைவேற்றுவதாக அரசாங்கம் அறிவித்தது. 2019ஆம் ஆண்டில் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடுவதற்கு அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஒப்பமிட்டார். அலுகோசுப் பதவிக்கு விளம்பரம் செய்யப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஜூலை 5ஆம் திகதி உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனைத் தடுத்து நிறுத்தியது.

நாமும் அந்தச் சினத்துக்கு அந்நியரல்லர். 2015 மே மாதத்தில் புங்குடுதீவில் பள்ளி மாணவி ஒருத்தி சிதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டபோது, வடக்கு முழுவதும் கடைகள் அடைக்கப்பட்டன. மாணவர்கள் வீதியில் இறங்கினர். தூக்கு வேண்டுமென்ற குரல் வன்னியிலும் ஒலித்தது. 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் எழுவருக்கு மரண தண்டனை விதித்தது. அன்று ஆறுதலடைந்த பெற்றோரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. பிள்ளையை இழந்த தாயின் முன் நின்று மன்னிப்பைப் பற்றிப் போதிப்பது எளிதான செயலன்று.

இரத்தத்தின் குரல்

திருவிவிலியமும் அந்தக் கண்ணீரை அலட்சியம் செய்யவில்லை. முதற் கொலையைக் கூறும் தொடக்கநூலின் நான்காம் அதிகாரத்தில், ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து கடவுளை நோக்கிக் கதறுகின்றது. கடவுள் அதனைக் கேட்கின்றார்; காயினிடம் கணக்குக் கேட்கின்றார்; அவனை அவன் நிலத்திலிருந்து துரத்துகின்றார். தண்டனை உண்டு. ஆனால் காயினைக் காண்பவர் எவரும் அவனைக் கொன்றுவிடாதபடி அவன்மீது ஓர் அடையாளத்தையும் இடுகின்றார். கொலையாளியின்மீது கடவுள் இட்ட அந்த அடையாளம், அவன் குற்றத்தை அழிக்கவில்லை; அவன் உயிரைக் காத்தது.

கண்ணுக்குக் கண் என்னும் பழைய சட்டமும் பழிவாங்கலுக்குத் தூண்டுகோலாக எழுதப்பட்டதன்று. ஒரு கண்ணுக்காக ஒரு குலத்தையே அழித்த காலத்தில், ஒன்றுக்கு மேல் போகாதே எனப் போடப்பட்ட எல்லைக்கோடு அது. மரண தண்டனைக்கு இடமளித்த அதே மோசேயின் சட்டம், ஒரே சாட்சியின் சொல்லைக் கேட்டு எவரையும் கொல்லலாகாது எனவும், சாட்சி கூறியவனே முதற்கல்லை எறிய வேண்டும் எனவும் விதித்தது. பொய்ச்சாட்சியின் ஆபத்தை அது அறிந்திருந்தது. தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் சூசன்னாவைக் கொலைக்களத்துக்கு அனுப்பியவர்கள் மக்களால் மதிக்கப்பட்ட மூப்பர்கள் இருவர். சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்க ஓர் இளைஞன் முன்வராதிருந்தால், சட்டப்படியே ஒரு குற்றமற்ற பெண் மடிந்திருப்பாள்.

வன்னி வீதியில் வந்த பேழை

சூசன்னாவின் கதை பழங்கதையென எண்ண வேண்டாம். 2024 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏ-9 வீதி வழியாக ஒரு பேழை வடக்கே சென்றது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மக்கள் திரண்டு அஞ்சலி செலுத்தினர். பேழையில் இருந்தவர் உடுப்பிட்டியைச் சேர்ந்த சாந்தன். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டு, தாயிடம் திரும்பும் முன்னரே 2024 பெப்ரவரி 28ஆம் திகதி சென்னையில் மருத்துவமனையில் காலமானவர்.

அந்த வழக்கின் கணக்கை நிதானமாக எண்ணிப் பார்ப்போம். 1991 மே 21ஆம் திகதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. ராஜீவ் காந்தியோடு, பணியிலிருந்த காவலர்களும் கூட்டத்துக்கு வந்த பொதுமக்களும் உடல் சிதறி மாண்டனர். அவர்களுக்கும் தாய் தந்தையர் இருந்தனர், பிள்ளைகள் இருந்தனர். நம் அனுதாபம் அவர்களை விட்டுவிட்டுச் செல்லுமாயின், அது கிறிஸ்தவ அனுதாபமாகாது.

1998 ஜனவரி 28ஆம் திகதி பூந்தமல்லித் தனி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களுள் நால்வருக்கே அதனை உறுதிசெய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனை. ஏனைய 19 பேரும் விடுதலை. முதல் மன்றின் தீர்ப்பு உடனே நிறைவேற்றப்பட்டிருந்தால், தூக்குக்கு உரியவரல்லர் என மேல்மன்றம் கண்ட 22 பேர் மண்ணுக்குள் இருந்திருப்பர்.

எஞ்சிய நால்வரின் நிலையும் உறுதியான தரையில் நிற்கவில்லை. அவ்வழக்கில் முக்கிய ஆதாரமாக அமைந்தவை, ‘தடா’ச் சட்டத்தின் கீழ் பொலிஸ் உயரதிகாரி முன் பெறப்பட்ட வாக்குமூலங்கள். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் பெறப்பட்ட வாக்குமூலம் என்றால் என்னவென்று வன்னி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. அவர் வாங்கிக் கொடுத்ததாகக் கூறப்பட்டவை இரண்டு பற்றரிகள். அவை எதற்காக என்று தமக்குத் தெரியாதென அவர் கூறிய பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரி தியாகராஜன் 2013ஆம் ஆண்டில் வெளிப்படையாகச் சொன்னார். எழுதப்படாமல் விடப்பட்ட ஒரு வரி. அதன் விலை ஒரு மனித உயிர்.

அந்த அதிகாரி வாய்திறந்த 2013ஆம் ஆண்டு வரை பேரறிவாளன் உயிரோடு இருந்ததே இறைவனின் இரக்கம். 2011 செப்டெம்பர் 9ஆம் திகதி அவரையும், சாந்தனையும், முருகனையும் தூக்கிலிட நாள் குறிக்கப்பட்டிருந்தது. உயர் நீதிமன்றின் தடை சில நாட்களுக்கு முன்னரே கிடைத்தது. 2014 பெப்ரவரி 18ஆம் திகதி, கருணை மனுக்கள் பதினொரு ஆண்டுகள் கிடப்பில் போடப்பட்டமையைக் காரணங்காட்டி உச்ச நீதிமன்றம் மூவரின் தண்டனையையும் ஆயுளாகக் குறைத்தது. 2022 மே மாதத்தில் பேரறிவாளனும், நவம்பரில் ஏனைய அறுவரும் விடுதலையாயினர். 1999இல் தீர்ப்பளித்த மூவரில் தலைமை வகித்த நீதியரசர் கே.ரி. தோமஸ் அவர்களே, பின்னாளில் அவர்களுக்காகப் பரிந்து சோனியா காந்திக்குக் கடிதம் எழுதினார். தீர்ப்பிட்டவரின் மனமும் மாறலாம். மறைக்கப்பட்ட உண்மையும் வெளிவரலாம். கயிறு இறுகிய பின் இவற்றால் எவருக்கும் பயனில்லை.

இவ்வழக்கில் பாதிக்கப்பட்டோரின் பக்கத்திலிருந்தும் ஓர் ஒளி வந்தது. தண்டனை பெற்றவர்களுள் ஒருவரான நளினிக்குச் சிறையில் பிறந்த குழந்தை பெற்றோர் இருவரையும் இழக்கலாகாது எனச் சோனியா காந்தி விரும்பினார். 2000ஆம் ஆண்டில் நளினியின் தண்டனை குறைக்கப்பட்டது. 2008 மார்ச்சில் வேலூர்ச் சிறைக்குச் சென்று, தம் தந்தையின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற அப்பெண்ணைப் பிரியங்கா நேரில் சந்தித்தார். வற்புறுத்திப் பெற முடியாத கொடை அது. ஆயினும் மனிதரால் அது இயலும் என்பதற்கு அது சாட்சி.

நம் முன் வைக்கப்படும் தேர்வு

அன்பார்ந்த வாசகர்களே, இதுவரை எழுதியவற்றோடு நம்மில் பலர் உடன்படுவது எளிது. நம்முடைய பிள்ளைகள் தூக்குமேடையின் நிழலில் நின்றபோது மரண தண்டனை கொடிதென்று நாம் உரக்கக் கூறினோம். அப்படியாயின், நம்முடைய பிள்ளைகளைக் கொன்றவர் அதே நிழலில் நிற்கும்போது என்ன கூறுவோம்?

2000 டிசம்பர் 19ஆம் திகதி, இடம்பெயர்ந்திருந்த மக்கள் சிலர் தம் வீடு வாசல்களைப் பார்த்துவர மிருசுவிலுக்குச் சென்றனர். படையினரால் பிடிக்கப்பட்டனர். எண்மர் கழுத்து அறுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஐந்து வயதுக் குழந்தையும் பதின்ம வயதினரும் இருந்தனர். உடல்கள் மலக்குழியில் போடப்பட்டன. காயங்களோடு தப்பிய ஒருவரின் வாய்மொழியாலேயே அந்தக் குழி கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2015 ஜூன் 25ஆம் திகதி, இராணுவச் சிப்பாய் சுனில் இரத்நாயக்கவுக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றின் ஐந்து நீதியரசர்களும் ஒருமனதாக அதனை உறுதிசெய்தனர். 2020 மார்ச் 26ஆம் திகதி, நாடு கொரோனாவுக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைபட்டிருந்த வேளையில், சனாதிபதி கோத்தபாய ராஜபக்ச அவருக்கு மன்னிப்பு வழங்கினார். சிறையின் வாயில் திறந்தது.

அன்று நம் மக்களிடையே எழுந்த வேதனை நியாயமானது. ஆனால் அந்த வேதனையோடு சேர்ந்து இன்னொரு குரலும் எழுந்தது: அன்றே தூக்கிலிட்டிருக்க வேண்டும் என்பது அக்குரல். பிலாத்துவின் முற்றம் நம்மை மயக்குவது இங்கேதான். கயிறு அல்லது விடுதலை, இவ்விரண்டைத் தவிர வேறு வழியில்லை என அது நம்மை நம்பவைக்கின்றது.

வழி உண்டு. அந்தச் சிப்பாயின் உயிரைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை. அவரைத் தண்டனையின்றி வீட்டுக்கு அனுப்பவும் எவருக்கும் உரிமையில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். சாந்தனுக்காகச் சொன்னதை மிருசுவில் கொலையாளிக்காகவும் சொல்ல மறுப்போமாயின், நாம் அன்று கேட்டது இரக்கமன்று, சலுகையே.

அவ்வாறே, அரசியல் கணக்குக்காக வழங்கப்பட்ட மன்னிப்பை இரக்கமென மதிக்கவும் இயலாது. சக்கேயு ஆண்டவரைத் தன் வீட்டில் வரவேற்ற நாளில், தான் ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கு திருப்பித் தருவதாக வாக்களித்தான். உண்மையை ஏற்றல், மனம் வருந்துதல், இயன்ற பரிகாரம் செய்தல் என்பன மன்னிப்பின் கனிகள். மிருசுவிலின் குடும்பங்களிடம் எவரும் கேட்கவில்லை. பரபாவால் கொல்லப்பட்டவரின் வீட்டாரிடமும் பிலாத்து கேட்கவில்லை. சனாதிபதியின் மன்னிப்பும் சட்டத்துக்கு மேலானதன்று என்பதை, 2024ஆம் ஆண்டில் வேறு இரு கொலை வழக்குகளில் வழங்கப்பட்ட மன்னிப்புகளைச் செல்லாதென அறிவித்ததன் மூலம் நம் உயர் நீதிமன்றமே உணர்த்தியுள்ளது.

நம் மின்கம்பங்கள்

இன்னுமோர் உண்மையையும் பேசாது கடக்க இயலாது. நம் மண்ணில் மரண தண்டனை விதித்தவை அரச மன்றங்கள் மாத்திரமல்ல. 1980களில் மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்ட உடல்களை நம் ஊர்கள் கண்டன. கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். அதில் குற்றம் எழுதப்பட்டிருக்கும். துரோகி என்றோ சமூக விரோதி என்றோ இரு சொற்கள். பின்னாளில் வன்னியில் இயங்கிய விடுதலைப் புலிகளின் நீதித்துறையிலும் மரண தண்டனைக்கு இடமிருந்தது. அந்த அட்டையை வாசித்தவர்கள் பலர். அதில் எழுதியிருந்தது மெய்யா என்று கேட்டவர்கள் சிலர். கேட்டுத் தப்பியவர்கள் அதனினும் சிலர்.

சிலுவையின் உச்சியிலும் அத்தகைய ஓர் அட்டை அறையப்பட்டிருந்தது. யூதரின் அரசன் என்னும் குற்றச்சாட்டு மூன்று மொழிகளில் அதில் எழுதப்பட்டிருந்ததாக யோவான் நற்செய்தி கூறுகின்றது. கடந்து சென்றோர் அதனை வாசித்துத் தலையசைத்தனர். மின்கம்பத்தில் மகனை இழந்த தாய் இன்றும் நம் ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். போரில் மகனை இழந்த தாய்க்குக் கிடைக்கும் ஆறுதலும் அவளுக்குக் கிடைப்பதில்லை. அவன் பெயரைச் சொல்லி ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கவும் அவள் தயங்குகின்றாள். அந்தத் தாயையும் சேர்த்து அணைக்காத நீதி, கிறிஸ்துவின் நீதியாகாது.

திருச்சபை கற்ற பாடம்

இதில் திருச்சபை பிறருக்கு மட்டும் போதிக்கும் இடத்தில் நிற்கவில்லை. திருத்தந்தையரின் ஆட்சிக்குட்பட்ட நிலப்பகுதிகளிலே 1870 வரை மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வத்திக்கான் நகரின் சட்டத்திலிருந்து அது 1969இலேயே நீக்கப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் வெளியிட்ட ‘வாழ்வின் நற்செய்தி’ என்னும் சுற்றுமடல், அத்தண்டனைக்கு உண்மையில் தேவை ஏற்படும் சூழ்நிலைகள் மிக அரிது அல்லது இல்லையென்றே கூறலாம் எனக் கற்பித்தது. 2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2267ஆம் எண்ணைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தகாதது எனத் தெளிவாக்கினார். மிகக் கொடிய குற்றம் புரிந்தவனும் தன் மாண்பை முற்றாக இழப்பதில்லை என்பதும், சமுதாயத்தைக் காக்கச் சிறைகளே போதுமானவை என்பதும் அதற்கான காரணங்கள். தீயவனின் சாவை அல்ல, அவன் மனந்திரும்பி வாழ்வதையே விரும்புவதாக எசேக்கியேல் இறைவாக்கினர் வாயிலாக ஆண்டவர் உரைத்ததைத் திருச்சபை மெதுவாகவே கற்றுக்கொண்டது. நாமும் கற்கலாம்.

நாம் செய்யத்தக்கவை

கயிற்றைக் கேட்பதைவிடக் கடினமான சில காரியங்களை நாம் கேட்க வேண்டும். குற்றங்கள் விரைந்தும் நேர்மையாகவும் விசாரிக்கப்பட வேண்டும். மிருசுவில் வழக்குக்குத் தேவைப்பட்ட பதினைந்து ஆண்டுகள் நீதியைச் சோர்வடையச் செய்பவை. தப்பிப் பிழைத்த ஒருவரின் துணிவிலேயே அவ்வழக்கு நின்றது. ஆகவே சாட்சிகள் அச்சமின்றி வாழ வழிசெய்யப்பட வேண்டும். அடித்துப் பெறும் வாக்குமூலத்தின் மேல் எந்தத் தீர்ப்பும் கட்டப்படலாகாது. கொலையுண்டவரின் குடும்பம் தீர்ப்பு நாளோடு மறக்கப்படாமல், பிள்ளைகளின் படிப்பிலும் வாழ்வாதாரத்திலும் தாங்கப்பட வேண்டும். கொடுங்குற்றம் புரிந்தவர் நீண்ட சிறைவாசத்தில் தன் செயலின் பாரத்தை உணரவும் திருந்தவும் இடமளிக்கப்பட வேண்டும்.

நம் பங்குகளிலும் செய்யத்தக்கவை உள. தவக்காலத்தில் சிறைப்பட்டோரைச் சந்திக்கச் செல்வோர், அவர் என்ன செய்தார் என முதலில் கேளாதிருக்கட்டும். ஞாயிறு மன்றாட்டுகளில் கொலையுண்டோருக்காக மன்றாடும்போது, மரணத் தீர்ப்புப் பெற்றோருக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்ப்போம். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவது முதலில் இடறும். இடறட்டும், செபம் அவ்விடத்திலேதான் ஆரம்பமாகின்றது.

கல்வாரியில் ஆண்டவருக்கு இருபுறமும் மரண தண்டனை பெற்ற இருவர் தொங்கினர். அவர்களுள் ஒருவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தன் அருகில் இருப்பவர் குற்றமற்றவர் எனவும் சாட்சி கூறினான். அந்த உண்மையை, சாகும் தறுவாயிலிருந்த ஒரு குற்றவாளியே சொன்னான். அதற்கு அவனுக்குச் சில மணி நேரம் தேவைப்பட்டது. எந்த மனிதனிடமிருந்தும் அந்த நேரத்தைப் பறிக்காதிருக்கும் அருளை நமக்கும், நம் நாட்டை ஆள்வோருக்கும், சினத்தால் எரியும் நம் உள்ளங்களுக்கும் ஆண்டவர் தந்தருள்வாராக.